பாட்டாக எழுந்த மொழி: கார்டிஃப் மைதானம், டிசம்பர் 16, 1905

நீண்ட பதிவு இது. விளையாட்டைப் பற்றியதாகத் தோன்றி மொழியைப் பற்றியதாகத் திரும்பும். இரண்டிலும் நாட்டமில்லாதோர் இங்கேயே விடைபெறலாம், வருத்தமில்லை.

சென்ற மாதம் என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் ஓர் அட்டவணை சேர்த்திருந்தேன். ஆதிலாபாத் பகுதியில் நான் களப்பணி செய்துவரும் கோண்டிச் சிற்றூரில் எந்தக் களத்தில் எந்த மொழி புழங்குகிறது என்பதைக் காட்டும் அட்டவணை. வீடு, சந்தை, பள்ளி, அலுவலகம், வழிபாடு, பாட்டு என வரிசைகள். பதினைந்து வயதுக்குட்பட்டோருக்கான நிரலில் பெரும்பாலான கட்டங்கள் தெலுங்கிற்குப் போய்விட்டன. தண்டாரிக் காலத்துப் பாட்டுக்கு நேரே மட்டும் கோண்டிக்கு ஐயமற்ற ஒரு குறி. அதைப் படித்த மூத்த ஆய்வாளர் ஒருவர் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: பாட்டில் இருப்பதை வாழ்வுக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

அளவுகோலின்படி அவர் சொன்னது சரிதான். 2003இல் யுனெஸ்கோவின் வல்லுநர் குழு வகுத்த மொழி உயிர்ப்புக் காரணிகளில், திருவிழாவிலும் சடங்கிலும் மட்டும் ஒலிக்கும் மொழி அழிவின் விளிம்புக்கு அருகில்தான் வைக்கப்படுகிறது. மறுப்பதற்கு என்னிடம் தரவு எதுவுமில்லை. ஆயினும் அந்தப் பென்சில் வரியைப் படித்த நாளிலிருந்து 120 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு குளிர்காலப் பிற்பகல் என்னை விடாமல் பின்தொடர்கிறது. வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க் என்னும் மைதானம். வேல்ஸுக்கும் நியூசிலாந்துக்கும் ரக்பி ஆட்டம். முதுகலையில் மொழிக்கொள்கை வரலாறு படித்தபோது அடிக்குறிப்பு ஒன்றில் தட்டுப்பட்டது. அதன்பின் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்திருக்கிறேன்.

முதலில் இடம். 1905 டிசம்பரில் கார்டிஃப் நகரத் தகுதி பெற்று ஏழு வாரங்களே ஆகியிருந்தன. அக்டோபர் 28 அன்று ஏழாம் எட்வர்ட் மன்னர் அத்தகுதியை அளித்தார். வேல்ஸின் தலைநகரம் என்ற பெயர் 1955இல்தான் வந்தது. நூறு ஆண்டுகளுக்கு முன் இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊர், ரோண்டா முதலிய பள்ளத்தாக்குகளில் வெட்டிய நிலக்கரியால் பெருத்தது. பியூட் பிரபு குடும்பம் கட்டிய கப்பல்துறைகளிலிருந்து அக்கரி உலகெங்கும் போயிற்று. மைதானத்தின் நிலமும் அக்குடும்பத்துடையதே. கார்டிஃப் ஆர்ம்ஸ் என்ற பயணியர் விடுதியின் பின்புறம் டாஃப் ஆற்றை ஒட்டிக் கிடந்த சேற்றுநிலம் அது. இருப்புப்பாதைப் பணிக்காகப் பொறியாளர் புரூனல் ஆற்றின் போக்கையே 1850ஐ ஒட்டிய ஆண்டுகளில் திருப்பிவிட்டபின் கால் பதித்து ஆடத்தக்க தரையாயிற்று. கிரிக்கெட் முதலில் வந்தது. 1884இல் அயர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தோடு பன்னாட்டு ரக்பி வந்தது. விடுதி இடிபட்டுப் போயிற்று. பெயர் மட்டும் மைதானத்தில் ஒட்டிக்கொண்டது. இடப்பெயராய்வு செய்யும் நண்பர்கள் இதில் வியப்படைய மாட்டார்கள்.

அடுத்து, வந்திருந்த விருந்தினர். நியூசிலாந்து அணி செப்டம்பர் 16 அன்று டெவன் வட்டார அணியை 55–4 என்று சிதறடித்துத் தன் பயணத்தைத் தொடங்கியது. அன்று முதல் கார்டிஃப் வந்து சேரும்வரை 27 ஆட்டங்கள், 27 வெற்றிகள். ஸ்காட்லாந்து 12–7, அயர்லாந்து 15–0, இங்கிலாந்து 15–0. தோல்விகளுக்குப் பிரித்தானியர் தேடிய விளக்கங்கள் தனியே ஆராயத்தக்கவை. போயர் போரில் படைக்கு ஆள் சேர்க்கையில் நகர்ப்புற இளைஞர் பலர் உடல்தகுதியின்றித் திருப்பி அனுப்பப்பட்டதும், அதன் விளைவாக அமைந்த உடல்நலிவு விசாரணைக் குழு 1904இல் அறிக்கை தந்ததும் அப்போது எல்லோர் நினைவிலும் இருந்தன. ஆலைப்புகையில் வளர்ந்த இனம் தேய்கிறது, திறந்தவெளிக் குடியேற்ற நாட்டில் அதே இனம் தழைக்கிறது என்று எழுதினார்கள். நியூசிலாந்துப் பிரதமர் செட்டனும் தம் நாட்டின் இயற்கையான, நலமான வாழ்க்கையே வெற்றிக்குக் காரணம் என்றார். ஆக, இது பேரரசுக்குள் நடந்த ஆட்டம். பேரரசை எதிர்த்த ஆட்டமாக இதைப் பின்னோக்கி வாசிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

மொழியியலாளர்க்கு ஓர் இடைச்செருகல். ‘ஆல் பிளாக்ஸ்’ என்ற பெயர் இப்பயணத்தில்தான் நிலைபெற்றது. செய்தியாளர் ஒருவர் எல்லோருமே பின்வரிசை ஆட்டக்காரர்போல் ஓடுகிறார்கள் என்ற பொருளில் ‘ஆல் பேக்ஸ்’ என்று எழுத, அச்சுக்கோப்பவர் ஓர் எழுத்தைக் கூட்டிவிட்டார் என்பது அவ்வணியின் பில்லி வாலஸ் பிற்காலத்தில் சொல்லிப் பரவிய கதை. ஆனால் டெவன் ஆட்டத்தன்றே உள்ளூர்ச் செய்தித்தாள் அப்பெயரைப் பயன்படுத்தி, கறுப்புச் சீருடையே காரணம் என்றும் எழுதிவிட்டது. மக்கட் சொற்பிறப்புக்கு வகுப்பில் எடுத்துக்காட்டு தேடுவோர் இதை வைத்துக்கொள்ளலாம்.

ஆட்டம் தொடங்குமுன் நியூசிலாந்தினர் ஹாக்கா ஆடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை என்ன செய்வது? வேல்ஸ் ரக்பிச் சங்கத்தைச் சேர்ந்த டாம் வில்லியம்ஸ் என்பவர் ஒரு யோசனை கூறினார்: ஹாக்கா முடிந்ததும் வேல்ஸ் வீரர்கள் தம் தேசியப் பாடலைப் பாடட்டும், கூட்டமும் சேர்ந்து பாடட்டும். ‘வெஸ்டர்ன் மெயில்’ நாளிதழ் அதை ஊரறியச் செய்தது. இன்று பன்னாட்டு ஆட்டம் எதுவும் நாட்டுப்பண் இன்றித் தொடங்குவதில்லை என்பதால், இந்த யோசனையின் புதுமை நமக்கு உறைப்பதில்லை.

47,000 பேர் திரண்டிருந்தனர். நியூசிலாந்தினர் ஹாக்காவை முடித்தனர். இடது ஓர ஆட்டக்காரர் டெடி மோர்கன், தொழிலால் மருத்துவர், பாடலை எடுத்துக்கொடுத்தார். சக வீரர்கள் சேர்ந்தனர். பிறகு மைதானம் முழுவதும் பாடியது.

விளையாட்டரங்கில் தேசியப் பாடல் பாடப்பட்ட முதல் நிகழ்ச்சி இதுவே என்று பல நூல்கள் அடித்துச் சொல்கின்றன. ‘முதல்’ என்ற சொல்லைக் கண்டால் ஆய்வு மாணவர்க்குக் கை கூச வேண்டும். 1862இலேயே புரூக்ளின் நகரப் பேஸ்பால் மைதானத்தின் திறப்பில் இசைக்குழு ஒன்று அமெரிக்கக் கொடிப்பாடலை வாசித்திருக்கிறது. அது அன்று சட்டப்படியான நாட்டுப்பண் அன்று என்று வாதிடலாம். வேல்ஸ் பாடலுக்கும் அத்தகுதி இல்லை. வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. புரூக்ளினில் வாத்தியம் வாசித்தது, மக்கள் கேட்டார்கள். கார்டிஃபில் மக்களே பாடினார்கள், எதிர்வந்த ஒரு மொழிக்குத் தம் மொழியால் விடை சொல்வதுபோல.

அந்தப் பாடல் 1856 ஜனவரியில் பொன்டிப்ரித் என்னும் ஊரில் பிறந்தது. சொல் தந்தையுடையது, இசை மகனுடையது. தந்தை ஈவன் ஜேம்ஸ் கம்பளி நெசவாளர். மகன் ஜேம்ஸ் ஜேம்ஸ் யாழ் வாசிப்பவர். எந்த அரசாணையும் அதைத் தேசியப் பாடலாக்கவில்லை. ஐஸ்டெத்வொட் எனப்படும் இலக்கிய இசை விழாக்களில் பாடிப்பாடியே அது அந்நிலையை அடைந்தது. இளவரசரை வாழ்த்தும் வேறொரு பாடல் சில பத்தாண்டுகள் அதற்குப் போட்டியாக நின்று பின்வாங்கியது. உலக நாட்டுப்பண்களை ஒருசேர வைத்துப் பார்த்தால் இதன் தனித்தன்மை புலப்படும். பிற பாடல்கள் மன்னனுக்கோ மண்ணுக்கோ நீடுவாழ்வு வேண்டுகையில், இதன் இறுதி வேண்டுதல் மொழிக்கானது. தமிழ் வாழ்த்தோடு விழாவைத் தொடங்கிப் பழகிய நமக்கு இது இயல்பாகத் தோன்றலாம். ஐரோப்பாவில் இது அரிது.

இனி, நம்மவர் கேட்கவேண்டிய கேள்வி: 47,000 பேருக்கு ஒரே குரலில், அதுவும் சுருதி பிரித்துப் பாட யார் சொல்லிக்கொடுத்தது? பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுக்கவில்லை.

1847இல் வேல்ஸின் கல்விநிலை குறித்து அரசுக்கு மூன்று தொகுதி அறிக்கை வந்தது. நீலநிற அட்டையிட்ட அவ்வறிக்கையை எழுதிய ஆணையர் லிங்கன், சைமன்ஸ், ஜான்சன் ஆகிய மூவருமே வழக்கறிஞர்கள், இங்கிலாந்துத் திருச்சபையினர், வேல்ஷ் அறியாதவர்கள். மக்களின் பின்தங்கலுக்கும் ஒழுக்கக்குறைவுக்கும் அவர்தம் மொழியே தடைக்கல் என்று அவர்கள் எழுதினார்கள். மெக்காலேயின் 1835ஆம் ஆண்டுக் குறிப்பை வகுப்பில் படித்திருக்கும் நமக்கு இந்தக் குரல் புதிதன்று. இடைவெளி பன்னிரண்டே ஆண்டு. வேல்ஸ் மக்கள் அந்நிகழ்ச்சியை ‘நீலப் புத்தகங்களின் துரோகம்’ என்றே வழங்கினர்.

அதே நூற்றாண்டில் பள்ளிகளில் ‘வேல்ஷ் நாட்’ என்னும் மரத்துண்டு புழங்கியது. வேல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் அதைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவர். அடுத்து யார் பேசிப் பிடிபடுகிறாரோ அவர் கழுத்துக்கு அது மாறும். மாலையில் எவர் கழுத்தில் இருக்கிறதோ அவருக்கு அடி. காட்டிக்கொடுப்பதையே பாடமாக்கிய முறை. இதனை அரசு சட்டமாக இயற்றியதில்லை என்பதைச் சேர்த்தே சொல்லவேண்டும். ஆசிரியர்கள் தாமாகச் செய்தார்கள். பெற்றோர் பலர் பிள்ளை ஆங்கிலம் கற்று மேலே வரட்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். நான் களத்தில் சந்திக்கும் தந்தையரும் தாயரும் இதைத்தான் சொல்கிறார்கள். அவர்களைக் குற்றவாளிகளாக்கும் கட்டுரைகளை என்னால் படிக்க முடிவதில்லை.

ஆகவே பாட்டு வேறிடத்திலிருந்து வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் கிரிஃபித் ஜோன்ஸ் என்ற குருவானவர் நடத்திய சுற்றுப்பள்ளிகள் ஏழை எளியோருக்கு வேல்ஷ் மறைநூலை எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்பித்தன. பின்னர் ஞாயிறு பள்ளிகள் அதைத் தொடர்ந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் டானிக் சொல்ஃபா என்னும் எளிய சுரக்குறிமுறை வந்தது. ஐந்து கோடு, புள்ளி எதுவும் வேண்டாம், எழுத்துக்களே சுரம். நம் சரிகமவைக் காகிதத்தில் எழுதிப் படிப்பது போன்றது. சுரங்கத்திலிருந்து கரிபடிந்த முகத்தோடு வரும் தொழிலாளி மாலையில் சிற்றாலயத்தில் நால்வகைக் குரலில் தன் பகுதியைப் படித்துப் பாடலானார். ஊர்கூடிப் பாடும் ‘கமான்வ கானி’ என்னும் கீர்த்தனைக் கூடுகைகள் ஆண்டுதோறும் நடந்தன. 1904 இறுதியில் முன்னாள் சுரங்கத் தொழிலாளி ஈவன் ராபர்ட்ஸ் தலைமையில் பெரும் சமய எழுச்சி ஒன்று தோன்றி நாட்டையே உலுக்கியது. அதன் மொழி வேல்ஷ். அதில் பிரசங்கத்தைவிடப் பாட்டே மிகுதி. வேடிக்கை என்னவென்றால் அந்த எழுச்சி ரக்பியைப் பாவமாகக் கருதியது. சில ஊர்களில் கழகங்களே கலைந்தன. அதே எழுச்சி பயிற்றிய தொண்டைகள் ஓராண்டுக்குள் ரக்பி மைதானத்தில் திறந்துகொண்டன.

பாடியவர்கள் யார் என்பதில்தான் என் அட்டவணைக்கு வரவேண்டிய சிக்கல் இருக்கிறது. 1901 மக்கள்தொகைக் கணக்கில் வேல்ஷ் பேசுவோர் ஏறக்குறைய சரிபாதி, சற்றே குறைவு. 1911இல் 43.5 விழுக்காடு. தலைக்கணக்கில் பேசுவோர் கூடிக்கொண்டே போனார்கள், ஆனால் விழுக்காடு சரிந்தது. நிலக்கரி இழுத்துவந்த ஆங்கிலேயரும் அயர்லாந்தினரும் அதைவிட வேகமாகக் கூடினார்கள். அதிலும் கார்டிஃப் ஆங்கிலம் ஓங்கிய துறைமுகம். ஆக அன்று பாடிய 47,000 வாய்களில் மிகப் பலவற்றுக்கு அது அன்றாடப் பேச்சுமொழியாக இருந்திருக்க முடியாது. அணியையே பாருங்கள். தலைவர் க்வின் நிக்கல்ஸ் இங்கிலாந்தின் குளூஸ்டர்ஷயரில் பிறந்தவர். பெர்ட் வின்ஃபீல்ட் நாட்டிங்காமில் பிறந்தவர். ஆர்தர் ஹார்டிங் லிங்கன்ஷயர்க்காரர். எதிரணித் தலைவர் டேவ் கல்லஹர்கூட நியூசிலாந்தில் பிறந்தவரல்லர். அயர்லாந்தின் டோனகால் வட்டாரத்தில் பிறந்து சிறுவயதில் கப்பலேறியவர். பிறப்பாலும் பேச்சாலும் கணக்கிட்டால் அன்றைய ‘வேல்ஸும்’ ‘நியூசிலாந்தும்’ கையில் பிடிபடாமல் கரைந்துபோகும். பாட்டு அவர்களைக் கட்டிப்போட்டது.

ஆட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் பாட்டு வெறும் சடங்காகத் தோன்றும். எதிரணியின் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் பதித்தால் ‘டிரை’. அன்று அதற்கு 3 புள்ளி. நியூசிலாந்தினர் முன்வரிசையில் எழுவரையே வைத்துக்கொண்டு எட்டாமவரை ‘ரோவர்’ என்று உலவவிட்டார்கள். கல்லஹரே அந்த ஆள். அதை ஏமாற்று என்று ஆங்கிலப் பத்திரிகைகள் புலம்பிக்கொண்டிருந்தன. வேல்ஸ் புலம்பவில்லை. அதையே கற்றுக்கொண்டு தன் பங்குக்கு ஏழு முன்வரிசையாளரையும் கிளிஃப் பிரிட்சார்ட் என்ற கூடுதல் ஆளையும் இறக்கியது. முற்பாதியில், இடைவேளைக்குச் சற்று முன்பாக, அவர்கள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த ஒரு வஞ்சனை அரங்கேறியது. ஸ்வான்சியைச் சேர்ந்த எஃகாலைத் தொழிலாளி டிக்கி ஓவன், குள்ளமான ஆள், ஸ்க்ரமிலிருந்து பந்தை எடுத்து வலப்பக்கம் ஓடினார். நட்சத்திர ஆட்டக்காரர் அனைவரும் அவரோடு வலப்பக்கமே பாய்ந்தனர். தடுப்பவர்களும் அங்கே பாய்ந்தார்கள். ஓவன் திடீரெனப் பந்தை இடப்பக்கம் திருப்பி எறிந்தார். பிரிட்சார்ட் வாங்கி ரீஸ் கேபிடம் தர, கேப் மோர்கனிடம் தர, பாடலை எடுத்துக்கொடுத்த அதே டெடி மோர்கன் இடது மூலையில் பந்தைப் பதித்தார். வின்ஃபீல்டின் கூடுதல் உதை குறிதவறியது. 3–0. அதுவே இறுதிக் கணக்கும்.

பிற்பாதியில்தான் இன்றுவரை தீராத வழக்கு. வாலஸ் பந்தோடு குறுக்கே ஓடிவந்து, 21 வயது பாப் டீன்ஸிடம் தந்தார். டீன்ஸ் கோட்டருகே வீழ்த்தப்பட்டார். கோட்டைக் கடந்த பிறகா, கடக்குமுன்பா? நடுவர் ஸ்காட்லாந்தின் ஜான் டாலஸ், வழக்கமான தெரு உடையிலும் காலணியிலும் ஓடியவர், சற்றுப் பின்தங்கியே வந்து சேர்ந்தார். டிரை இல்லை என்றார். டீன்ஸ் ‘டெய்லி மெயில்’ நாளிதழுக்குத் தந்தி அடித்தார்: கோட்டுக்கு அப்பால் ஆறு அங்குலத்தில் பதித்தேன், என்னைப் பின்னுக்கு இழுத்துவிட்டார்கள். அவரைப் பிடித்த கேப் சொன்ன வாதம் நுட்பமானது: கடந்துவிட்டவர் ஏன் மேலும் முன்னே ஊர்ந்து போக முயலவேண்டும்? ஆனால் மோர்கனோ பிற்காலத்தில் டீன்ஸின் பக்கமே சாய்ந்தார். டாலஸ் தம் முடிவில் உறுதியாக நின்றார். டீன்ஸ் 1908இல், 24 வயதில், குடல்வால் நோயால் இறந்தார். வாய்மொழிச் சான்றுகளை எடைபோடப் பயிலும் மாணவர்க்கு இதைவிடச் செறிவான பயிற்சி கிடைப்பது கடினம்: பத்தடிக்குள் நின்ற நால்வர், நால்வரும் நேர்மையாளர், கதை மட்டும் ஒன்றாயில்லை. என் தீர்ப்பைக் கேட்டால் டாலஸின் முடிவை ஏற்பேன். அவர் சரியாகப் பார்த்தார் என்பதற்காகவன்று. வேறு எவருடைய கூற்றையும் ஏற்பதற்குக் காரணம் கூடுதலாக இல்லை என்பதற்காக.

நியூசிலாந்து அப்பயணத்தில் மொத்தம் 35 ஆட்டங்கள் ஆடி 34இல் வென்றது. எடுத்த புள்ளி 976, கொடுத்தது 59. அந்த ஒரே தோல்வி இதுவே.

இதுவரை வேல்ஸின் பக்கம் நின்றே பேசிவிட்டேன். எதிர்ப்பக்கம் ஒலித்த மொழியையும் கேட்கவேண்டும். ஹாக்கா என்றதும் நாம் நினைக்கும் ‘கா மாட்டே’, 1820ஐ ஒட்டி டெ ரௌபராஹா என்னும் மாவோரித் தலைவர் இயற்றியது. பகைவர் துரத்தக் கிழங்குக் குழியொன்றில் பதுங்கி உயிர்தப்பி மேலேறிவந்த கணத்தின் பாட்டு அது. அவருடைய குலம் ஙாட்டி டோவா. சொல்முதலில் வரும் அந்த ஙகரத்தில் ஆங்கிலேயர் நா தடுக்கி விழுவர். நம்மிடம் அதற்கு எழுத்து இருக்கிறது, சொல்தான் இல்லை.

1888–89இல் நியூசிலாந்திலிருந்து வந்த ‘நேட்டிவ்’ அணி 107 ஆட்டங்கள் ஆடியது. பெரும்பாலும் மாவோரியரைக் கொண்ட அவ்வணி ஹாக்கா ஆடியபோது, அது ஆடியவர்களின் சொந்தச் சொத்து. 1905 அணியிலோ பெரும்பாலோர் வெள்ளைக் குடியேறிகளின் பிள்ளைகள். அவர்கள் தம் நாட்டின் அடையாளமாக எடுத்துவந்த மொழிக்கு அந்நாட்டுப் பள்ளிகளில் என்ன இடம்? 1867ஆம் ஆண்டு ‘நேட்டிவ்’ பள்ளிச் சட்டம் மாவோரிப் பிள்ளைகளுக்குப் பயிற்றுமொழி ஆங்கிலமே என்று வகுத்தது. பின்வந்த தலைமுறைகள் பள்ளியில் தாய்மொழி பேசியதற்காக அடிவாங்கியதைச் சாட்சியமாகச் சொல்லியிருக்கின்றன. ஆக, அந்தப் பிற்பகலில் கார்டிஃபில் எதிரெதிரே நின்றவை பள்ளி வாசலில் நிறுத்தப்பட்ட இரண்டு மொழிகள். ஒன்றைப் பாடியவர்களில் பலர் அதைப் பேசாதவர்கள். மற்றொன்றை முழங்கியவர்களில் பெரும்பாலோருக்கு அது முன்னோர் மொழியே அன்று. அவ்விரண்டையும் கேட்கத்தான் செய்தித்தாள்கள் அத்தனை பேரைத் தயார்ப்படுத்தியிருந்தன. அதே மாதம் புதிதாக அமைந்த பிரித்தானிய அமைச்சரவையில் வேல்ஷைத் தாய்மொழியாகக் கொண்ட லாயிட் ஜார்ஜ் இடம்பெற்றார் என்பதும் இப்படத்தில் ஓர் ஓரத்தில் இருக்கட்டும்.

பிறகு என்ன ஆயிற்று? மூத்தவரின் பென்சில் வரிக்கு ஆதரவான சான்றை முதலில் வைக்கிறேன். மைதானத்தில் பாட்டு ஒருநாளும் நிற்கவில்லை. ஒவ்வோர் ஆட்டத்துக்கும், ஒவ்வொரு தலைமுறையிலும், அதே பாட்டு. அதே காலத்தில் பேச்சு தேய்ந்துகொண்டே போயிற்று. 2021 கணக்கில் வேல்ஷ் பேசுவோர் 17.8 விழுக்காடு. மைதானத்தின் முழக்கம் அந்தச் சரிவை ஓர் அங்குலமும் தடுக்கவில்லை. பாட்டு மொழியைக் காப்பாற்றியது என்று மேடையில் பேசுவோர் இந்த எண்ணை ஒருமுறை பார்க்கவேண்டும்.

மறுபக்கமும் உண்டு. ஓவன் எட்வர்ட்ஸ் என்பவர் சிறுவனாக இருந்தபோது அந்த மரத்துண்டைக் கழுத்தில் சுமந்தவர். வேறொரு பிள்ளைக்கு அதை மாற்றிவிட மறுத்தவர். 1907இல், இந்த ஆட்டத்துக்கு இரண்டே ஆண்டு கழித்து, வேல்ஸ் பள்ளிகளின் தலைமை ஆய்வாளராக அமர்ந்தார். வகுப்பறைக்குள் வேல்ஷைக் கொண்டுவரத் தொடங்கினார். பாட்டினால் அவருக்கு அப்பதவி கிடைத்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு மொழியைப் பள்ளிக்குள் விடவேண்டும் என்று கேட்பவர், அம்மொழி இந்நாட்டுக்குரியது என்பதை முதலில் நிறுவவேண்டியிருக்கும். பேசாதவரும் அதைத் தமதென்று உரக்கப் பாடிக்கொண்டிருந்த நாட்டில் அந்தப் பாதி வேலை முடிந்திருந்தது. பென்சில் வரிக்கு என் மறுப்பு இவ்வளவே: பாட்டு புழக்கத்தின் அளவீடு அன்று, உரிமைக்கோரலின் பதிவு. இரண்டையும் ஒரே நிரலில் கூட்டினாலும் தவறு, கழித்தாலும் தவறு.

நியூசிலாந்தில் இது இன்னும் நெருக்கமாக நிகழ்ந்தது. பல பத்தாண்டுகள் அவ்வணி ஹாக்காவை அரைகுறையாகத்தான் ஆடிவந்தது. பழைய படச்சுருள்களைப் பார்த்தால் நமக்கே கூச்சமாயிருக்கும். 1987இல் பக் ஷெல்ஃபர்டு, ஹிக்கா ரீட் ஆகிய மாவோரி ஆட்டக்காரர்கள், ஆடுவதானால் முறையாகக் கற்று ஆடுவோம், இல்லையேல் விட்டுவிடுவோம் என்றார்கள், கற்றார்கள். அதே 1987இல்தான் மாவோரி ஆட்சிமொழிகளுள் ஒன்றாகச் சட்டமியற்றப்பட்டது. ஒன்று மற்றதன் விளைவன்று. இரண்டுக்கும் வேர் 1982இல் பாட்டிமார் மடியில் தொடங்கிய ‘கோஹங்கா ரெயோ’ மழலையர் பள்ளிகளும் அவற்றைச் சூழ்ந்த இயக்கமும். ‘கா மாட்டே’ யாருடையது என்பதை 2014இல் நாடாளுமன்றம் சட்டமாகவே எழுதியது: டெ ரௌபராஹா இயற்றியது, ஙாட்டி டோவாவுக்குரியது. கார்டிஃபில் அது ஒலித்து 109 ஆண்டுகள் கழித்து.

பழைய மைதானம் இன்றில்லை. அதே மண்ணில், திசை மாற்றி, 1999இல் திறந்த பெரிய அரங்கம் நிற்கிறது. பாட்டு பிறந்த பொன்டிப்ரித்துக்கு அருகே ரிட்வெலன் என்னுமிடத்தில் 1962இல் ஒரு பள்ளி தொடங்கியது: தெற்கு வேல்ஸின் முதல் வேல்ஷ்வழி மேல்நிலைப்பள்ளி. அங்கே சேர்ந்த பிள்ளைகளில் பலரின் வீட்டுமொழி ஆங்கிலம். அவர்களுடைய பெற்றோருக்கு வேல்ஷில் தெரிந்தது அனேகமாக அந்த ஒரு பாட்டுதான்.

அட்டவணையில் அந்தக் குறியை நான் அழிக்கவில்லை; இடம் மாற்றியிருக்கிறேன். புழக்கக் களங்களின் வரிசையிலிருந்து பாட்டை எடுத்து, அதற்கெனத் தனி அட்டவணை வரைந்து மூன்று கேள்விகள் சேர்த்தேன். யார் கற்றுக்கொடுத்தார்? பொருள் தெரிந்து பாடுபவர் எத்தனை பேர்? இதைப் பள்ளியில் பாடக் கேட்டால் பாடுவாயா? முதல் இரண்டுக்கும் என் பதிவுகளில் விடை இருக்கிறது. மூன்றாவதை இதுவரை எந்தப் பிள்ளையிடமும் கேட்டதில்லை. தண்டாரிக்கு மறுபடி ஊருக்குப் போகிறேன்.